மஞ்சள் தெரியாத அறை

பெரியவளுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அச்சுப் பட்டறையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மை கலக்கும் மேசைக்கு முன்னால் நின்றபடி, இடது கையில் தட்டும் வலது கையில் மைக்கரண்டியுமாக, எதைத் தின்கிறோம் என்று பாராமலே தின்று முடித்துவிடுவாள். அதனால் முதன்முதலில் வலி வந்தபோது அவளே அதை நம்பவில்லை.

அன்று மதியம் வறுத்த கறி. பக்கத்துக் கடையில் வாங்கி வந்திருந்தார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் இருக்கும். பெரியவள் கரண்டியை வைத்துவிட்டு மைப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தாள். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு அதே பக்கத்துத் தோளுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், சுவரோடு உரசிக்கொண்டாள்.

"என்னக்கா?" என்றாள் சின்னவள்.

"காத்து பிடிச்சிருக்குடி. ஒரு சோடா வாங்கிட்டு வரச் சொல்லு."

சோடா வந்தது. ஏப்பமும் வந்தது. பட்டறையில் அச்சிழுக்கிற நெட்டை, "பெரியக்கா மெஷினை ஸ்டார்ட் பண்ணிட்டாங்க," என்றான். பெரியவள் கையில் கிடைத்த துணியை அவன் மேல் எறிந்தாள். வலி மட்டும் சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போயிற்று.

அப்புறம் அது வரத் தொடங்கியது. சொல்லிக்கொள்ளாமல் வரும், பொழுதைக் கழித்துவிட்டுப் போகும். அது எண்ணெய் பட்ட நாட்களில்தான் வருகிறது என்பதைச் சின்னவள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோதுதான் இன்னொன்றும் புரிந்தது: பெரியவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. முட்டையின் மஞ்சளை எடுத்து ஓரமாக வைக்கிறாள். வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பசியில்லை என்று தள்ளிவிடுகிறாள். யாருக்கும் தெரியாமல், ஒவ்வொன்றாக, சாப்பாட்டை விட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்கும் பின்வாங்காத ஒருத்தி இப்படித் தட்டின் முன்னால் ஒதுங்கி ஒதுங்கிப் போவதைச் சின்னவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"டாக்டர்கிட்ட போலாம்கா."

"போனா படுக்க வைப்பான். படுத்தா இந்த வேலையை உங்கப்பனா வந்து பாப்பான்?"

"எனக்கு மட்டுமா அப்பன், உனக்கும் அவர்தானே."

"அதான் சொல்றேன். அவரும் வர மாட்டார்."

சகோதரிகள் இருவருக்கும் வேறு ஆள் கிடையாது. பெரியவளின் கணவன் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே இறந்துவிட்டான். சின்னவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் எல்லாரையும் பெரியவள் வாசலில் வைத்தே விசாரித்து அனுப்பிவிட்டாள் என்று ஒரு கிண்டல் உண்டு. அதில் முக்கால்வாசி உண்மை. பட்டறையைப் பெரியவள்தான் ஆரம்பித்தாள். வலை கட்டிய சட்டத்தில் படத்தை ஏற்றி, ரப்பர் பட்டையால் மையை இழுத்து அச்சிடுகிற வேலை. பைகள், பலகைகள், எச்சரிக்கை ஒட்டிகள். சட்டங்களைத் தயார் செய்வது சின்னவள். நிறம் கலப்பது பெரியவள். ஒரு துணியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "சிவப்பு முக்கால், மிச்சம் ஆரஞ்சு, கண்ணுக்குத் தெரியாம ஒரு சொட்டு கருப்பு," என்று சொன்னால் அது அப்படியே இருக்கும். நிறம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தவர்கள்கூட அவளிடம் சண்டைக்கு வந்ததில்லை.

மை கலக்கும் மேசை இருந்தது வாசல் பக்கத்து ஜன்னலடியில், பகல் வெளிச்சத்தில். நடுவில் அச்சு மேசைகள். கடைசியில் பூச்சு அறை. சட்டத்து வலையில் பூசுகிற பசை வெள்ளை வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் என்பதால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மஞ்சள் உறை போட்ட குழல்விளக்கு மட்டும். பின்னாலிருந்த கழிவறைக்கும் அதே விளக்கைப் போட்டிருந்தார்கள், கதவைத் திறந்து மூடுகையில் வெள்ளை வெளிச்சம் உள்ளே விழாமலிருக்க.

நெட்டை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்த அறைக்குள்ளேயே வைத்து ஒரு சட்டத்தைச் சோதித்துப் பார்த்தான். வெள்ளைத் தாளில் மஞ்சள் மையை இழுத்தான். தாளில் ஒன்றும் விழவில்லை. வலை அடைத்துக்கொண்டதென்று நினைத்து அழுத்தி இழுத்தான், மறுபடி இழுத்தான், வேர்த்து ஊற்ற இழுத்தான். கடைசியில் சலித்துப்போய்த் தாளை வாசலுக்குக் கொண்டுவந்தால் மஞ்சள் வெண்ணெய் மாதிரி அப்பிக் கிடந்தது. பெரியவள் சிரித்து மாளவில்லை. "அந்த ரூம்ல மஞ்சளுக்கு வாயே கிடையாதுடா," என்றாள். மஞ்சள் விளக்கடியில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான். பட்டறையில் இது எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

ஒரு வலி இரவெல்லாம் நீடித்து, விடிந்தும் போகாமல், வாந்தியும் சேர்ந்துகொண்டபோதுதான் பெரியவள் மருத்துவமனைக்கு வர ஒப்பினாள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள் தெரிந்தன. அறுவை மருத்துவர் ஒரு பெண்; நிதானமாகப் பேசுபவர்.

"உங்க பித்தப்பையில கல்லு இருக்கும்மா. ஒண்ணு ரெண்டு இல்ல. ஜல்லி கொட்டின மாதிரி இருக்கு."

"கல்லைத் தின்னாலும் செரிக்கும்னு ஊர்ல சொல்லுவாங்க," என்றாள் பெரியவள். "செரிக்கல போல."

மருத்துவர் சிரித்துவிட்டு விளக்கினார். கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி வரும், பையையே எடுத்துவிட வேண்டும். பை இல்லாமல் வாழ முடியுமா என்று சின்னவள் கேட்டாள். பித்தநீரை உண்டாக்குவது ஈரல்தான், பை அதைச் சேர்த்துவைத்துக் கொழுப்பு வரும்போது பிழிந்து விடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை என்றார் அவர். பை போனால் பித்தநீர் சேராமல் சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு நேரே இறங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் வயிறு இளகும். எண்ணெயைக் குறைத்து, சிறுகச் சிறுகச் சாப்பிட்டால் உடம்பு பழகிக்கொள்ளும்.

"அதாவது மை கலக்குற ஆளு இருக்கா, டப்பாவைத்தான் எடுக்கப் போறீங்க," என்றாள் பெரியவள்.

"அப்படியே வச்சுக்கலாம்."

"டப்பா இல்லாட்டி மேசையெல்லாம் ஒழுகுமே டாக்டர்."

"கொஞ்ச நாளைக்கு ஒழுகத்தான் செய்யும்."

சிறு துளைகள் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் உள்ளே கொண்டுபோனார்கள். பை வீங்கி, சுற்றியிருந்த உறுப்புகளோடெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததால் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. சொன்ன நேரம் தாண்டிப்போக, வெளியே சின்னவள் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். நெட்டை கொண்டுவந்த தேநீர் ஆடை கட்டிப் போயிற்று. கடைசியில் மருத்துவர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். கையிலிருந்த சின்னக் குப்பியில் கற்கள். கடுகளவும் பட்டாணியளவுமாக.

மயக்கம் தெளிந்த பெரியவள் முதலில் அந்தக் குப்பியைத்தான் கேட்டாள். வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கலருடி. பழுப்பும் பச்சையும். இதைக் கலக்கச் சொன்னா ஒருத்தனுக்கும் வராது."

"தூரப் போடு கருமத்தை."

"என் வயித்துல வளர்ந்ததுடி. எனக்குன்னு பொறந்தது இதான்."

சிரிக்கும்போது தையல் இழுத்து முகம் சுருங்கியது. அப்போதும் சிரிப்பை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று மருத்துவர் இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். பையிலிருந்த பொடிக்கற்களில் ஒன்றிரண்டு சில சமயம் பித்தக் குழாய்க்குள் நழுவிப் போயிருக்கும். ஸ்கேனில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

"தினமும் கண்ணைப் பாருங்க. கண்ணோட வெள்ளை மஞ்சளாகுதான்னு. யூரின் கருத்தா, மலம் வெளுத்தா, நடுக்கிக் காய்ச்சல் வந்தா, எதையும் யோசிக்காம அன்னைக்கே வந்துடணும். குழாய் அடைச்சா ரத்தத்துல விஷம் ஏறிடும். அது ஆளைக் காக்க வைக்காது."

சின்னவள் ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டாள். டாக்சியில் வருகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீடு பட்டறைக்கு மேலே. ஏறுவதற்கு வெளிப்பக்கமாகச் செங்குத்தான இரும்புப் படி. வயிற்றில் அவ்வளவு நீளத் தையலோடு பெரியவள் அதில் ஏற முடியாது. கீழே கதவுள்ள அறை பூச்சு அறை ஒன்றுதான். மை வாடை வராது, குளுமையாக இருக்கும், கழிவறை பக்கத்திலேயே. சட்ட அலமாரியை ஒரு பக்கம் தள்ளி, நெட்டையும் சின்னவளும் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். அலமாரியில் காய்கிற சட்டங்கள் இருந்ததால் விளக்கு அதேதான். மாற்ற முடியாது.

"ராணி மாதிரி ரூம் குடுத்திருக்கீங்க," என்றாள் பெரியவள். "வெளிச்சம்தான் எப்பவும் சாயங்காலம் மாதிரியே இருக்கு."

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மருத்துவர் சொன்ன மாதிரியே வயிறு இளகியது. ஒரு குவளைப் பால் குடித்தால் குவளையைக் கழுவி வைப்பதற்குள் பெரியவள் கழிவறைக்கு ஓடுவாள். "டப்பா இல்லாத கடை, கேட்ட உடனே சரக்கு," என்பாள் திரும்பி வந்து. சின்னவள் காயை வேகவைத்து மசித்துக் கொடுத்தாள். கொழுப்பில்லாத சூப், காய்ந்த ரொட்டி, முட்டையில் வெள்ளை மட்டும். ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துப் பார்த்து, வயிறு ஏற்றுக்கொண்டால் மறுவாரம் இன்னும் அரைக்கரண்டி. குழந்தைக்குச் சோறு பழக்குவது மாதிரி பழக்கினாள். தையல் பிரிக்கப் போனபோது மருத்துவர் ஜன்னல் பக்கம் நிறுத்திக் கண்ணைப் பார்த்தார். சுத்த வெள்ளை என்றார். சின்னவளுக்கு உயிர் வந்தது. இதே மாதிரி பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பார்த்தாள். காலையில் மருந்து கொடுத்த கையோடு, "கண்ணைக் காட்டு," என்பாள். கட்டிலின் மேல் குனிந்து, கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பிடித்து, ஒரு கண், மறு கண் என்று பார்ப்பாள்.

"எப்படி?"

"பேப்பர் மாதிரி."

"கோட்டட் பேப்பரா, சாதாவா?"

"வாயை மூடு. மேல பாரு."

ஒருநாளும் தவறவிட்டதில்லை. வேலை தலைக்கு மேல் கிடந்த நாட்களிலும், ரப்பர் பட்டையைக் கையில் பிடித்தபடியே வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்த விளக்கடியில் அக்காவின் கண் வெள்ளையாக இருந்தது. தலையணை உறை வெள்ளையாக இருந்தது. அவள் விரலும் வெள்ளையாகத்தான் இருந்தது.

பெரியவள் சாப்பிடுவது குறைந்ததைச் சின்னவள் கவனித்தாள். பத்தியச் சாப்பாடு சலித்திருக்கும் என்று தேன் தடவிய ரொட்டி செய்து கொடுத்தாள். அதுவும் கடித்தபடி தட்டில் கிடந்தது. பிறகு அரிப்பு வந்தது. உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு. மைக்கரண்டியின் பிடியால் பெரியவள் முதுகைச் சொறிந்துகொண்டே இருந்தாள். போர்வை ஒத்துக்கொள்ளவில்லை என்று போர்வையை மாற்றினார்கள். சோப்பை மாற்றினார்கள். பூச்சுப் பசையின் காரமாக இருக்கும் என்று பசை டப்பாக்களை வெளியே எடுத்து வைத்தார்கள். அரிப்பு போகவில்லை.

"வலிக்குதாக்கா?"

"தையல் இழுக்குது, வேறொண்ணுமில்ல."

"தையல் இந்தப் பக்கம்தானே. நீ முதுகைப் பிடிச்சிட்டிருக்கே."

"முதுகும் என்னுதுதான். எங்க வேணா பிடிப்பேன்."

சின்னவள் விடவில்லை. யூரின் எப்படிப் போகிறது, மலம் என்ன நிறம் என்று கேட்டாள். பெரியவளுக்கு அந்தப் பேச்சு எப்போதும் பிடிக்காது. "நான் கலர் பாத்துச் சொல்லாத சாமான் இந்த உலகத்துல ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்டி," என்று மழுப்பினாள். மறுபடி கேட்டதற்கு, யூரின் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறது, சத்து மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும், மற்றதெல்லாம் எப்போதும் போலத்தான் என்றாள். பொய் சொல்லவில்லை. அந்த மஞ்சள் விளக்கில் அவளுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

ஒரு மதியம் பட்டறை ஓய்ந்திருந்த நேரத்தில் அறைக்குள்ளிருந்து கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. சின்னவள் போய்ப் பார்த்தாள். பெரியவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன.

"ஃபேனை நிறுத்துடி."

"ஃபேன் ஓடலக்கா."

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நெற்றி சுட்டது. சின்னவள் போனை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மருத்துவமனை எண்ணைத் தேடி எடுத்தாள். அழைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, "கண்ணைக் காட்டு," என்றாள்.

பார்த்தாள். ஒரு கண். மறு கண்.

"என்ன?" என்றாள் பெரியவள்.

"வெள்ளையாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னத்துக்குப் போனு. மழைக்காத்து பட்டிருக்கும். ஒரு மாத்திரை குடு, போதும். மறுபடி அங்க கொண்டுபோய்ப் போட்டா வயித்தைத் திறந்துதான் மூடுவாங்க. எனக்கு இன்னொரு தடவை தெம்பு இல்லடி."

கடைசி வாக்கியத்தை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. சின்னவள் போனைக் கீழே வைத்தாள். மாத்திரையில் சூடு இறங்கியது. நாளைக்கும் இருந்தால் கேட்க வேண்டாம், இழுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலை சூடு இல்லை. கண் வெள்ளை. ஆனால் பெரியவள் பேச்சு குறைந்து, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். அன்று பார்த்து ஒரு சரக்கு திரும்பி வந்தது. 'கவனம், ஈரத் தரை' என்று எழுதிய மஞ்சள் ஒட்டிகள். மஞ்சள் சரியில்லை, மாதிரியோடு ஒத்துப்போகவில்லை, மாலைக்குள் மாற்றித் தராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நெட்டை கலந்து பார்த்தான். சின்னவள் கலந்து பார்த்தாள். கலக்கக் கலக்க அது சாணி நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இருவரும் வாதாடுவது உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"ரெண்டு குருடும் தள்ளுங்க," என்று குரல் வந்தது. பெரியவள் பூச்சு அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தையல் பிரித்துவிட்டு வந்த பிறகு அவள் அந்தக் கதவைத் தாண்டி வந்ததே இல்லை. அச்சு மேசைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். சின்னவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். உடம்பு முன்னைவிட இளைத்து, எலும்பு குத்தியது.

ஜன்னலடியில் உட்காரவைத்தார்கள். வெளியே நல்ல வெயில். பெரியவள் மூச்சு வாங்கிக்கொண்டே வெள்ளைத் தாளை மேசைமேல் விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.

"கரண்டி."

நெட்டை கரண்டியைக் கொடுத்தான். கொடுத்தவன் அப்படியே நின்றான்.

"பெரியக்கா, கையில மை பட்டிருக்கு," என்றான்.

பெரியவள் தாளின் மேலிருந்த கையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தாள். இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள். நிறம் போகவில்லை. வெள்ளைத் தாளின் மேல் அவளுடைய கை விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, மணிக்கட்டிலிருந்து அதற்கு மேலும், ஒரே சீராக மஞ்சளாக இருந்தது.

பெரியவள் கையைத் திருப்பினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். ஒரு வாடிக்கையாளர் கொடுத்த மாதிரியைப் பார்ப்பது போல ஜன்னலுக்கு நேராக உயர்த்திப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"எலுமிச்சை இல்ல," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் பச்சை விழுந்திருக்கு."

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"மூஞ்சியும் இப்படித்தானா?"

அந்தக் கண்களைச் சின்னவள் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். அன்று காலையில்தான், அதற்கு முந்தின காலையிலும், அதற்கும் முந்தின காலையிலும், இமையை இழுத்துப் பிடித்து அவள் பார்த்த அதே கண்கள். நெட்டை செருப்புக்கூடப் போடாமல் வண்டி பிடிக்க ஓடினான்.

டாக்சியில் மறுபடி குளிர் வந்தது. சின்னவள் அவளைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் ஓர் உடம்பிலிருந்து மற்ற உடம்புக்குக் கடந்து வந்தது; எது யாருடையது என்று தெரியவில்லை.

"பூச்சு அறைல," என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"தெரியும்," என்றாள் பெரியவள். "பேசாத. எனக்கும்தான் தோணல. நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பேன், எனக்கே தோணல." ஒரு வளைவு திரும்பிய பிறகு, "கையில விழுந்த மஞ்சளாவது நல்ல வெளிச்சத்துல தெரிஞ்சுச்சே," என்றாள்.

மருத்துவமனையில் கேள்வி கேட்டுக்கொண்டு யாரும் நிற்கவில்லை. பார்த்தவுடனே தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். அறுவை மருத்துவர் படியிறங்கி வந்தார். பித்தக் குழாயின் வாயில் ஒரு கல் சிக்கியிருந்தது. அதற்கு மேலே தேங்கிய பித்தநீர் சீழாகி ரத்தத்தில் கலந்துகொண்டிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுப்பார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது.

"எத்தனை நாளா மஞ்சளா இருந்தாங்க?"

சின்னவள் அறையைப் பற்றிச் சொன்னாள். விளக்கைப் பற்றிச் சொன்னாள். தினமும் பார்த்தேன் டாக்டர் என்றாள். மருத்துவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு அவளுடைய முழங்கையை ஒரு கணம் பிடித்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் சின்னவளை ஒரு நிமிடம் பக்கத்தில் விட்டார்கள். கையில் ஊசி, மூக்கில் காற்றுக் குழாய். வெள்ளை விளக்குக்கு அடியில், வெள்ளை விரிப்பின் மேல், பெரியவள் கிடந்தாள். கண்ணைத் திறந்து தங்கையை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இப்ப பாருடி கண்ணை," என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டு சொற்கள் இழுபட்டன. "இப்ப நல்லா தெரியும்."

சின்னவள் குனிந்தாள். கட்டைவிரலால் கீழிமையை இழுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள், தள்ளுவண்டியை நகர்த்துகிற வரை.

கல் வந்துவிட்டது. சாயங்காலம் வெளியே வந்து இளம் மருத்துவர் ஒருவர் அதைச் சொன்னார். அடைப்பு திறந்ததும் தேங்கியிருந்ததெல்லாம் கொட்டிவிட்டது, வேலை சுத்தமாக முடிந்தது என்றார். அவர் முகத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்தது. நெட்டை இரு கையையும் குவித்து மார்பில் வைத்துக்கொண்டான். சின்னவள், "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அவர் கல்லைப் பற்றிச் சொன்னதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு, ரத்தத்தில் கலந்தது கலந்ததுதான், அதோடு உடம்பு போராட வேண்டும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறோம் என்றார்.

அங்கே யாரையும் உள்ளே விடவில்லை. கதவில் கையளவு கண்ணாடி. அதில் எட்டிப் பார்த்தால் திரை மட்டும்தான் தெரிந்தது. செவிலியர்கள் நடக்கிற வேகத்தை வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்கச் சின்னவள் பழகிக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர்கள் நிதானமாக நடந்தார்கள். சிறுநீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பிடித்துக்கொண்டு சின்னவள் ஒரு வாய் தேநீர் குடித்தாள். அதற்குப் பிறகு நடையின் வேகம் கூடியது. ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற மருந்தைக் கூட்டியிருக்கிறோம், அழுத்தம் இன்னும் நிலைக்கு வரவில்லை என்றார்கள். இன்னொரு மருந்து சேர்த்தார்கள். அறுவை மருத்துவர் அவசரமாக வந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

நெட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தவன் போல, "பெரியக்கா விட மாட்டாங்க, சின்னக்கா. எதையாவது விட்டுக் குடுத்து நான் பாத்ததில்ல," என்றான். அவள் தலையாட்டினாள். முட்டையின் மஞ்சளை ஓரமாக ஒதுக்கி வைத்த கை அவள் நினைவில் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மதிய வெயில் வராந்தாவின் பாதி வரை ஏறியிருந்தது. கதவு திறந்தது. அறுவை மருத்துவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். எப்போதும் நேரே பேசத் தொடங்கிவிடுகிறவர், இந்தத் தடவை தொடங்கவில்லை. சின்னவளைத் தாண்டி வராந்தாவை ஒரு முறை பார்த்தார்.

"உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கூட வந்திருக்காங்களாம்மா?"

அந்தக் கேள்வியை எதற்காகக் கேட்பார்கள் என்று சின்னவளுக்குத் தெரியும். அவளைவிட வயதில் மூத்தவர்கள் என்று சொல்ல அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் நெட்டை எழுந்து நின்றான். அவளும் எழுந்தாள்.

"நான்தான்," என்றாள். "சொல்லுங்க டாக்டர்."